பத்தொன்பதாம் பெட்டியின் படம்

பிப்ரவரி 4, புதன்

அமைச்சரின் பெட்டிகளை மறுபடியும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் முப்பத்துநான்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாநிலத்தில் பொதுப்பணித் துறையைப் பார்த்த மனிதர். அவர் போய்ப் பல வருஷம் கழித்துப் பேரனின் மனைவி வீட்டிலிருந்த தாளையெல்லாம் அள்ளி எங்கள் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது அட்டவணையைக் கணினியில் ஏற்ற வேண்டுமாம். ஓய்வுபெற ஏழு மாதமே இருக்கிற என்னை விட்டால் ஆள் இல்லையாம்.

மனிதர் எதையும் தூக்கி எறிந்ததில்லை. இன்று முழுக்க முதல் பெட்டி. பல் வைத்தியருக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் தன் கைப்பட நகல். "தாங்கள் கட்டிக்கொடுத்த பல், நான் சபையில் கோபமாகப் பேசும் சமயம் பார்த்துக் கழன்றுகொள்கிறது" என்று ஒன்றில். நான் சிரித்த சத்தம் கேட்டுப் பசைக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் கிழிந்த தாள்களை ஒட்டுகிறவர். விரலில் எப்போதும் பசை, அதனால் அந்தப் பெயர்.

"என்னப்பா, செத்தவரோட அரட்டையா?"

"உயிரோட இருக்கிறவங்களுக்கு இவர் எவ்வளவோ தேவலை" என்றேன்.

பிப்ரவரி 6

மூன்று பெட்டி முடிந்தது. இடுப்பும் முடிந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

ஒரு தையல்கார அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டிருக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு உருவிப் பைக்குள் திணித்தார்.

கரையோரத் தெருவில் அறுபத்துமூன்று வீடுகள். அணை கட்டியபோது ஊர் மூழ்கிப்போன குடும்பங்களை அமைச்சர்தான் அங்கே கொண்டுவந்து குடிவைத்தாராம். இப்போது சாலையை அகலப்படுத்த வீடுகளை எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எல்லாம் ஆக்கிரமித்து உட்கார்ந்தவர்கள், காலி செய்யுங்கள் என்கிறது நகராட்சி. வழக்கு மார்ச் 11-ஆம் தேதி வருகிறது.

"அமைச்சரே படம் போட்டுக் குடுத்தாருன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க சார். நடுவுல கிணறு, அதுக்கு வடக்க ரெண்டாவது மனை எங்க தாத்தாவோட அப்பாவுக்கு. எங்ககிட்ட இருந்த படி வெள்ளத்துல போயிடுச்சு. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமா?"

"இந்த மனுஷன் பல்லுக்கு எழுதின கடுதாசியையே நகல் எடுத்து வச்சிருக்கார். உங்களுக்குக் குடுத்ததையா விட்டிருப்பார்? கண்டிப்பா இருக்கும்மா."

எனக்கு எதற்கு இந்த வாய்? "பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் முகம் தெளிந்தது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

பிப்ரவரி 10

கிடைத்துவிட்டது! பத்தொன்பதாம் பெட்டி, நான்காவது உறை. மாவட்ட அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகல், அதே கோணல் எழுத்து. இங்கே எழுதி வைக்கிறேன்: "இத்துடன் இணைத்துள்ள படத்தில் எண்ணிட்டுப் பெயர் குறித்துள்ள மனைகள் அறுபத்துமூன்றும் அந்தந்தக் குடும்பத்தாருக்கே நிரந்தரமாக உரியவை. வாயால் சொன்னதை எனக்குப் பின் வருபவர் மறுத்துவிடக்கூடும் என்பதால் படத்துடன் அனுப்புகிறேன்."

குதித்தேன். இந்த வயதில், இந்த இடுப்போடு.

பிறகு படத்தைத் தேடினேன். உறையில் இல்லை. கடிதத்தின் இடது மூலையில் துருக்கறை இரண்டு, ஒரு விரல் இடைவெளியில். குண்டூசி குத்தியிருந்த இடம். உறையின் மேல் பென்சிலில் "ஊசி நீக்கப்பட்டது" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறது.

சுருக்கொப்பம் என்னுடையது.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதியே தீர வேண்டும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிகள் வந்தபோது பாதித் தாள்கள் துருப்பிடித்த ஊசியால் அரித்துக் கிடந்தன. ஊசிகளை எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு முன்னூறு ஊசி எடுத்தேன். அதற்கு முன் யாரும் நாற்பதைத் தாண்டியதில்லை. பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் எழுதிய "ஊசி நீக்கும் முறை" கையேட்டை நாலு காப்பகங்களில் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

கையேட்டின் முதல் விதி: கடிதத்திலிருந்து எதைப் பிரித்தாலும், அது எந்தக் கடிதத்தோடு இருந்தது என்று அதன் முதுகில் பென்சிலால் குறிக்க வேண்டும். அந்த விதியை நான் பன்னிரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன். முதல் பதினொரு நாள் நான் எதையும் குறிக்கவில்லை. மடித்து வைத்திருந்த பெரிய படங்களை, மடிப்பில் கிழிந்துவிடுமே என்று விரித்து, படங்களுக்கான இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். எது எங்கிருந்து வந்தது என்று அடுத்த வாரம் எனக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் பெட்டி ஒன்பதாம் நாள் வேலை. பழைய பணிக்குறிப்பைப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 13

பசைக்காரரும் நானும் படக் கிடங்கில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். மூலையில் இரண்டு துருக்கறை, ஒரு விரல் இடைவெளி. நாலு இழுப்பறை பார்த்தாயிற்று.

"அப்படி யாருக்காகப்பா இந்தப் பாடு?" என்றார்.

"ஒரு தையல்காரம்மாவுக்கு."

"சட்டை தைக்கக் குடுத்துட்டு வாங்காம விட்டுட்டியா?"

சிரிப்பு வரவில்லை. அவருக்கும் ஏதோ புரிந்து அடுத்த இழுப்பறையை இழுத்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

கழிவுப் பதிவேட்டில் இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இழுப்பறைகளில் இடமில்லை என்று ஒரு குழு போட்டார்கள். "எங்கிருந்து பிரிக்கப்பட்டவை எனத் தெரியாத படங்கள், 41. வரலாற்று மதிப்பு இல்லை. கூழாக்க அனுப்பலாம்." கீழே மூன்று கையெழுத்து. இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அந்த வரிகளை எழுதியதும் நான்தான். "வரலாற்று மதிப்பு இல்லை" — என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொல்வார்கள்.

இன்னொன்று. அந்தப் படம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மா கிணறு என்று சொன்னபோதே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நீல மையில் கோடு, நடுவில் வட்டமாகக் கிணறு, சுற்றிலும் கட்டம் கட்டமாக மனைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் எறும்பு ஊர்வதுபோல் பொடியாகப் பெயர்கள். விரித்துப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறான் பாவி என்று வியந்தேன். வியந்துவிட்டு அதன் முதுகில் எதுவும் குறிக்காமல் இழுப்பறையில் போட்டேன்.

பிப்ரவரி 17

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"இதை ஏங்க என்கிட்ட சொல்றீங்க? அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

பிப்ரவரி 18

தையல்காரம்மா போனில் கூப்பிட்டார். வக்கீல் சொல்லச் சொன்னாராம். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. "படம் இருந்தது, எங்களிடம் வந்தபின் அழிந்துவிட்டது" என்று காப்பகம் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பதிலாக வேறு சாட்சிகளை நீதிமன்றம் ஏற்கும். பழைய ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்களாம். வெறுமனே "கிடைக்கவில்லை" என்று வந்தால், அப்படி ஒரு படமே இருந்ததில்லை என்று நகராட்சி அடித்துவிடும்.

"அழிஞ்சிருந்தா அழிஞ்சதுன்னு சொல்லிடுங்க சார், ஒண்ணும் தப்பில்ல. காகிதம்தானே."

இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. "இன்னும் தேடிக்கிட்டிருக்கேம்மா" என்றது வாய்.

பிப்ரவரி 20, வெள்ளி

காப்பக இயக்குநரிடம் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தேன். என் மகள் வயதுப் பெண். மரியாதை தெரிந்த பெண். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், அழிச்சோம்னு எழுதினா, மத்த நாற்பது படம் என்ன, அது யாரோடதுன்னு கேப்பாங்க. நாளைக்கே நாலு பேர் வருவாங்க. உங்க கையேட்டை வச்சுதான் எல்லா இடத்துலயும் வேலை நடக்குது. அது என்ன ஆகும்? போற நேரத்துல உங்க மேல விசாரணை வேற."

"அதுக்காகப் பொய் எழுத முடியுமாம்மா?"

"பொய் எங்க சார்? நீங்க தேடினீங்க. கிடைக்கல. 'கிடைக்கவில்லை'ங்கிறது உண்மைதானே?"

உண்மைதான். அச்சடித்த பதில் படிவத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது, டிக் போட்டால் போதும். நான் டிக் போட்டேன். அமைச்சர் கடிதத்தின் நகலை இணைத்துக் கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லை.

பிப்ரவரி 21

மனைவி கேட்டாள். சொன்னேன்.  இனி அலுவலகத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 2

இருபத்தாறாம் பெட்டி. அமைச்சர் பதவி போன பிறகு எழுதியவை. யாரும் பதில் எழுதவில்லை போலிருக்கிறது, எல்லாம் இவர் எழுதியதே. தம்பிக்கு ஒரு கடிதம்: மூழ்கிய ஊரின் ஆட்களைப் போய்ப் பார்த்தாராம், கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறுகிறதாம். "நான் செய்தவற்றில் கணக்கில் வைக்கத்தக்கது இது ஒன்று." மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். சே, என்ன மனுஷன் நான்?

மார்ச் 11, புதன்

தள்ளுபடி.

நான் போகவில்லை. பசைக்காரர் மச்சான் நீதிமன்றத்தில் இருக்கிறார், அவர் சொன்னாராம்: அமைச்சரின் கடிதத்தை நீதிபதி இரண்டு முறை படித்தார். "இணைப்பு என்கிறீர்கள், அப்படி ஒன்று இருந்ததற்குக் காப்பகத்திடமே ஆதாரம் இல்லையே" என்றார்.  ஆதாரத்துக்கு வக்கீல் எங்கே போவார்?

மார்ச் 12

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

போயிருக்கக் கூடாது. போனேன். தெருமுனையில் டீக்கடை ஓரமாக நின்றேன், என்னை யாருக்கும் தெரியாது. மஞ்சள் இயந்திரம் இரண்டு. ஜன்னல், கதவெல்லாம் முன்பே கழற்றி எடுத்துவிட்டார்கள், அதனால் சுவர்கள் லேசாகச் சாய்ந்தன. ஒரு கிழவர் தன் வீடு விழுவதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிணறு இருக்கிறது. உண்மையாகவே நடுவில்தான் இருக்கிறது. வடக்கே இரண்டாவது வீட்டு வாசலில் தையல் இயந்திரத்தை ஒரு போர்வையால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த அம்மா அதன் மேல் கை வைத்தபடி யாருடனோ வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் மறைந்துகொண்டேன். ஐம்பத்தொன்பது வயது ஆள், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால்.

அறுபத்துமூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். வேகமாகத்தான் வேலை நடந்தது.

மார்ச் 30, திங்கள்

தையல்காரம்மா வந்தார். அமைச்சர் கடிதத்துக்கு முத்திரை போட்ட நகல் இன்னொன்று வேண்டுமாம். மேல்முறையீடு செய்கிறார்கள். வீடு இனி இல்லை, மாற்று இடமாவது கேட்கலாம் என்கிறார் வக்கீல். நகலைக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்களுக்காக உண்மையா தேடினது நீங்க ஒருத்தர்தான் சார்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்காருங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்: ஊசி, இழுப்பறை, குழு, படிவம். இயக்குநர் வாசல் வரைக்கும் வந்து நின்று, கேட்டுவிட்டுப் போய்விட்டார். போகட்டும்.

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். 

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"பிப்ரவரி பதினாறு."

"அப்ப வீடு இருந்துச்சு" என்றார்.

 பிறகு கேட்டார்: "படத்துல எங்க தாத்தாவோட அப்பா பேரு இருந்துச்சா? கிணத்துக்கு வடக்க, ரெண்டாவது?"

இருந்தது என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! கட்டம் நினைவிருக்கிறது, எழுத்து நினைவிருக்கிறது, பெயர் ஒன்றுகூட நினைவில்லை. அதைச் சொன்னேன்.

"சரி. தெரிஞ்சத மட்டும் எழுதிக் குடுங்க."

எழுதினேன். இரண்டு பக்கம். படத்தைப் பார்த்தவன் நான், பிரித்தவன் நான், அழிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான், பிப்ரவரி இருபதாம் தேதி படிவத்தில் டிக் போட்டவனும் நான் என்று. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நகராட்சிக்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள், நீதிமன்றத்தில் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். 'சார்' என்று சொல்லவில்லை.

"கண்டிப்பா வந்து சொல்றேம்மா."

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாக்கலாம்" என்றார்.