ரசத்தில் கரைத்த மாத்திரை

நவ. 4, செவ்வாய்
விடாத தூறல். பாரிவாக்கம் தெருவில் கணுக்கால் தண்ணீர். துணி காயவில்லை. வாங்க: கடுகு, பினாயில், போர்டு மார்க்கர்.

இன்றும் என் வீட்டுக்காரர் சேகரின் ரசத்தில் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். குடியை நிறுத்துகிற மாத்திரை. அவருக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் தொடங்கியது. அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை குடித்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, விடிய விடிய வாந்தி. "சரக்கா விக்கிறானுங்கோ, பேமானிங்க" என்று கடைக்காரனைத் திட்டினார். பிறகு தொடவில்லை. நிம்மதி. கூடவே பயம்.

நவ. 5, புதன்
ஆவடி, கல்லூரி. செகண்ட் இயருக்கு என்சைம் தடுப்பான்கள். பஸ்ஸை உதாரணமாக வைத்தே பாடத்தை ஓட்டினேன்.

போட்டித் தடுப்பான்: நம் சீட்டில் வேறு ஆள். கூட்டம் கூடினால் நெருக்கித் தள்ளிப் பிடித்துவிடலாம். சப்ஸ்ட்ரேட்டை, அதாவது பயணிகளை, கூட்டினால் வி-மேக்ஸ் என்கிற உச்ச வேகம் பழையபடி, பாதி வேகத்துக்குத் தேவையான கூட்டமான கே.எம். மட்டும் ஏறும்.
போட்டியற்றது: சீட் காலி, டிரைவர் இல்லை. எத்தனை பேர் ஏறி என்ன? வி-மேக்ஸ் இறங்கும், கே.எம். அப்படியே.
மீளாதது: பஸ்ஸே நொறுங்கிப்போனது. டிப்போவிலிருந்து புதுசு வரணும்.

பர்வீன் கேட்டாள்: "மேம், மருந்த நிறுத்திட்டா சரியாய்டும்ல?"
"ஆகாதும்மா. உடம்பு புது என்சைம் செய்யணும். நாளாகும்."
ரசத்தில் நான் போடுவது அந்த மூன்றாவது ரகம். சாராயம் பாதி உடைந்து விஷமாகும். அந்த விஷத்தை அழிக்கிற என்சைமைத்தான் மாத்திரை முடக்குகிறது. மேலே மேலே குடித்தால் விஷம் ஏறிக்கொண்டே போகும். இதயமே நின்றுவிடலாம்.

இன்று போடவில்லை. போடாமல் விட்டு என்ன பிரயோஜனம்.

நவ. 6, வியாழன்
சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். "எங்க கம்பெனி கொமாரு நைனா பூட்டாரு. நெமிலிச்சேரி போய்ட்டு வந்துர்றேன்."
"குடிக்காதீங்க."
"சாவு ஊட்டுக்குப் போய்ட்டு பச்சத்தண்ணி குடிச்சிக்கினு வரச் சொல்றியா?"

வாசலை மறித்து நின்றேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

கத்துவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.
"அன்னிக்கி செத்துருவேன்னு கெடந்தேனே, நீதான தலய புட்ச்சிக்கினு இருந்த?"
"ஆமாங்க."
"தெரிஞ்சிக்கினேவா?"

போய் மாலை போட்டுவிட்டு உடனே திரும்பினார். குடிக்கவில்லை. உயிர் தப்பியது. சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

நவ. 8, சனி
மறுபடி மழை. திருமழிசை கம்பெனிக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப் போகவில்லை, இரண்டாவது நாள். ராத்திரி பரோட்டா பார்சல், தனக்கு மட்டும். கல்லீரல் புது என்சைம் செய்துகொள்ளும். இவர் மனசு திரும்புமா? பாழாய்ப்போன படிப்பு படித்தேன்.

நவ. 9, ஞாயிறு
வஞ்சிரம் வறுத்தேன். வாசனைக்கு வந்து உட்கார்ந்தார். அழுகை வந்துவிட்டது எனக்கு. சாதம் போட்டு, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
"நீ மொதல்ல குடி."
குடித்தேன். தொண்டையில் இறங்கும்வரை பார்த்தார். பிறகு, தட்டில் கை வைக்காமலே எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனார்.