ஏழாங்கட்டை வளைவுக்கு நான் எழுதிய மனு

சேசு மரி சூசை துணை

ரந்தாவ்
வியாழன் காலை

அன்பு மகள் கிளாரிஸுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான். மலை ரோட்டில் உன் தம்பி கெல்வின் மோட்டார் சைக்கிளோடு லோரியில் அடிபட்டானே, ஏழாவது மைல்கல் பக்கம் இருக்கிற அந்த ஏழாங்கட்டை வளைவை அடுத்த மாதம் நிமிர்த்தப் போகிறார்கள். பாறையைப் பிளந்து நேராக ரோடு போட்டு, பழைய வளைவை மண் கொட்டி மூடிவிடுவார்களாம். நாம் ஊன்றிய சிலுவையைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாம் என்று ஃபாதர் சொல்லிப் பார்த்தார், அம்மா கேட்கவில்லை. கல்லறையில் கிடப்பது உடம்புதான், என் பிள்ளை மூச்சு நின்றது இங்கேதான் என்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாமல் அவள் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

அந்த ரோடு கங்காணி கூட்டி வந்த ஆட்கள் கல் உடைத்துப் போட்டது. வெடி வைத்தால் செலவு என்று துரை சொன்னதால் பாறையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார்கள் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மகளே. வளைவை நிமிர்த்தச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதியதே நான்தான். கெல்வினுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு எழுதினேன். கிராணியாக ஆபீஸில் உட்கார்ந்து எஸ்டேட் ஆட்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன், என் பிள்ளைக்கு எழுதாமல் இருப்பேனா. பெடாஸ் வரைக்கும் அலைந்து கையெழுத்து வாங்கினேன். அப்போது அந்த இடத்தின் பேரைச் சொன்னாலே அம்மா மயங்கி விழுவாள், அதனால் அவளிடம் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் பதிலே இல்லை, குப்பையில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். போன மாதம்கூட அதே வளைவில் தர்மேந்திரன் என்று இரண்டு பிள்ளைக்காரன் செத்தான். இப்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்று காலையில் அம்மா பேப்பரையும் பேனாவையும் கொண்டு வந்து வைத்தாள். நீங்கதான் மலாய்ல நல்லா எழுதுவீங்க, ரோட்ட அப்படியே விடச் சொல்லி எழுதுங்க லா, மொதக் கையெழுத்து நான் போடுறேன் என்றாள். சரி என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்தப் பேப்பரில்தான் உனக்கு எழுதுகிறேன். நீ ஒரு நடை வந்து போ, நீ பக்கத்தில் இருந்தால் அவளிடம் சொல்லிவிடுவேன், தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. பதிலை வீட்டுக்குப் போடாதே, சன்னாசி கடைக்குப் போடு. எழுதியாச்சா என்று கேட்டுக்கொண்டே அம்மா கையைத் துடைத்தபடி கையெழுத்துப் போட வருகிறாள், நிறுத்துகிறேன்.

உன் அப்பா
சந்தியாகு