நேராக இருந்த தூண்

மார்ச் 4, செவ்வாய்

ரயில் தாமதம். புகைப்படக்காரர் மாநாட்டுக்கு இவ்வளவு தெற்கே வருவது இதுதான் முதல் தடவை. விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

நாத்தனாரும் நானும் ஒரே அறை. எங்கள் ஸ்டுடியோவில் அவள் கல்யாணங்களை எடுப்பாள், நான் கட்டிடங்களை. "கட்டிடம் கண் சிமிட்டாது, அதான் அண்ணிக்கு நோகாத வேலை" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை மேடையில் நான் பேச வேண்டும். பழைய கட்டிடங்களைக் கோணல் இல்லாமல் படம் எடுப்பது எப்படி என்று. அருங்காட்சியக இயக்குநர் வருகிறாராம். பேச்சு பிடித்துப்போனால் அங்கே வருஷம் முழுக்க வேலை.

மார்ச் 5, புதன்

மாநாடு மதியம்தான். காலையில் ஊர் பார்க்கப் போனோம். கோட்டை மதில் மேலேயே பாதி ஊரைச் சுற்றலாம். உப்புக் காற்றில் கல்லெல்லாம் பொரிந்து கிடக்கிறது. கடைத்தெருவில் நாத்தனார் ஒரு தொப்பி வாங்கினாள். மதிலேறியதும் அதைக் காற்று வாங்கிக்கொண்டது.

பிறகு பழைய நீதிமன்றக் கூடம். இரு பக்கமும் தூண் வரிசை. காமிராவில் கண் வைத்தேன் - ஒரு தூண் நடுவில் பிதுங்கியிருந்தது. பக்கத்துத் தூணைப் பார்த்தேன். இப்போது அது பிதுங்கியது, முந்தையது நிமிர்ந்துவிட்டது. லென்ஸை மாற்றினேன். அதே கதை.

இரண்டு லென்ஸுமே பழசு. வேறென்ன இருக்க முடியும்?

"என்ன அண்ணி, தூணை அப்படி முறைக்கிறீங்க?"

வெயில் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. பேச்சு நன்றாகத்தான் போனது. நீதிமன்றக் கூடத்துப் படத்தைக் கணினியில் திறந்து, கோணலை நிமிர்த்திக் காட்டினேன். திரையைப் பார்க்கும்போதும் இடது கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். பிதுங்கிய தூணை உள்ளே தள்ளினேன். இன்னும் கொஞ்சம். நூல் பிடித்தாற்போல் நின்றது.

"பாருங்க, நேராயிடுச்சு" என்று திரும்பினேன்.

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார். முன்வரிசையில் இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனார்தான் எழுந்து நின்றாள். "அண்ணி... தூண் இடுப்பொடிஞ்சு நிக்குது."

மறுபடி இடது கண்ணை மூடித் திரையைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அத்தனை பேருக்கும் கோணல், எனக்கு மட்டும் நேர் - பைத்தியமா எனக்கு? இடது கண்ணைத் திறந்தேன். வலதை மூடினேன்.

தூண் ஒடிந்திருந்தது.

மிச்சத்தை நாத்தனார் மேடையேறி முடித்தாள். கல்யாண வீட்டுக் கதைகள் சொன்னாள் போல. சிரிப்புச் சத்தம் கேட்டது. அது என்னைப் பார்த்து அல்ல.

அறைக்கு வந்ததும் கேட்டாள்: "எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்சம்னா?"

எதையோ தேடுவதுபோல் காமிராப் பையைக் கிளறினேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, கேட்டிருக்கேன். கண்ணையேவா மறைப்பீங்க?" என்றாள்.

மார்ச் 8, சனி

இந்த ஊரிலேயே கண் மருத்துவமனை. டாக்டரம்மா எங்களைவிடச் சின்னவர். கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். வலது கண்ணுக்கு நடுக்கட்டங்கள் மெழுகு மாதிரி உருகித் தெரிந்தன.

"விழித்திரைல ரத்தக்குழாய் கசியுது. ஊசி போட்டு நிறுத்தப் பார்க்கலாம். தொடர்ந்து போடணும். ஆனா போன பார்வை முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது."

"ஊசி எங்க போடுவீங்க?" நாத்தனார்.

"கண்ணுலதான்."

அவள் சட்டென்று நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். நோயாளி நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போட்டாயிற்று. நினைத்த அளவு வலியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரயில் மாலையில். அதுவரை துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தோம். காமிராவை எடுத்துப்போகவில்லை. படகுகள் வந்தன, போயின.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "உன் பொண்டாட்டி என்கிட்டகூடச் சொல்லலண்ணே" என்று அழுதாள். மேடையில் அவ்வளவு கலகலப்பாகப் பேசியவள்.

ஏப்ரல் 2, புதன்

அருங்காட்சியக வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எதிர்பார்த்ததுதான்.

மே 17, சனி

மறுபடி ஊசி. கசிவு நின்றிருக்கிறதாம். வளைவு அப்படியேதான்.

இடது கண்ணைக் காமிராவில் வைத்துப் பழகுகிறேன். மூக்கு இடிக்கிறது. இத்தனை வருஷம் இந்த மூக்கு எங்கே இருந்தது?

ஆகஸ்ட் 16, சனி

புது நூலகக் கட்டிடம். காமிரா நாத்தனாரிடம். ஏணியை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தி ஏறி நின்றாள். வெயில் படிக்கட்டில் இறங்குவதற்குக் காத்திருந்தோம்.

"அண்ணி, கால் மரத்துப்போச்சு. எடுத்துடட்டா?"

"இரு."

வெளிச்சம் கடைசிப் படியைத் தொட்டது. அப்போதும் பொறுத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் புத்தகங்களோடு வெளியே வந்தாள். முதல் படியில் கால் வைத்தாள்.

"இப்ப" என்றேன்.