பயண நேரம் நீங்கலாக

சிகாமட்,
2 டிசம்பர் 2025

அன்பு மகள் அபிகெயிலுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் என் முழங்காலும் ஓரளவு நலம். மெர்சிங் மழையில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. போனில் நான் ஆரம்பித்தாலே, "அப்பா, கோர்ட்டுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முப்பத்தொரு வருடம் போலீஸில் டைரி எழுதிய கை வேறு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நேற்று மாலை ஆறு மணிக்கு உன் அம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திருப்பலி நல்லபடியாக முடிந்தது. பாதர் "ஐலீன் ஸ்டானிஸ்லாஸ்" என்று பெயரை வாசித்தபோது முன் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் நம் எல்வின்! ஞானஸ்நானத்தில் நானும் அம்மாவும் கையில் ஏந்திய பிள்ளை, பெற்றவர்களை இழந்து நம் வீட்டிலேயே வளர்ந்தவன், நீ அண்ணன் என்று கூப்பிடுகிறவன், இன்று ஒரு தீவுக்கே போலீஸ் சார்ஜன். காற்று அடிக்கிற மாதம், ஃபெர்ரி கிடையாது. அப்படியிருந்தும் காலையில் ஒரு மீன்படகைப் பிடித்துக் கரையேறி, மெர்சிங்கிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கிறான். கையில் பெரிய தெங்கிரி மீன் வேறு. ஏன்டா இந்தக் கடலில் வந்தாய் என்று கேட்டேன். "அம்மாவுக்கு வராம எப்படிப்பா இருக்க முடியும்? விடியகாலைலயே கிளம்பிடணும், ஸ்டேஷன்ல வேலை இருக்கு" என்றான்.

தீவில் இருக்கிறவனுக்கு வழி கிடைத்தது. தார் ரோட்டில் இருக்கிற உனக்குக் கிடைக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


மெர்சிங்,
5 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. முதல் முறை படித்தபோது அம்மாவை நினைத்து அழுதேன். இரண்டாம் முறை படித்தபோது காலண்டரை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்வின் அண்ணன் என் நீதிமன்றத்துக்கு வந்தார். கூட செல்லப்பன் என்பவரைக் கூட்டி வந்திருந்தார். தீவு விடுதியில் சமையல்காரர். படகு எஞ்சின் திருடினார் என்ற சந்தேகத்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிடித்திருக்கிறார்கள். பிடித்த ஆளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், அவசியமான பயண நேரம் நீங்கலாக, என்னைப் போன்ற ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. உங்களுக்கு இது மனப்பாடம். இவருக்கோ ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணனிடம் காரணம் கேட்டேன். "கடல் சரியில்லை, புவான் மாஜிஸ்திரேட். ஞாயிறும் திங்களும் தீவிலிருந்து ஒரு படகும் கிளம்பலை" என்றார்.

வேறு சார்ஜனாக இருந்தால் படகுத்துறைக்குப் போன் போட்டு விசாரித்திருப்பேன். சொன்னது எல்வின் அண்ணன் என்பதால் நம்பினேன். நான்கு நாள் காவலில் வைக்க உத்தரவிட்டேன். இவர் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, நான் இதைக் கேட்கக் கூடாது என்று முதல் நிமிடமே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அது என் தவறு.

நான் போட்ட உத்தரவை நானே கிழித்துப்போட எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் நேற்று மாலையே, திங்கட்கிழமை அவர் படகில் கரைக்கு வந்ததைச் சொல்லும் உங்கள் கடிதத்தைக் கோப்பில் வைத்து, என் தவறையும் எழுதி, ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். இன்று காலை நீதிபதி உத்தரவை ரத்து செய்தார். செல்லப்பன் மதியம் வெளியே வந்துவிட்டார். திங்கட்கிழமை படகு வந்ததா இல்லையா என்று பதினேழாம் தேதி விசாரிப்பார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள்.

இந்த விஷயம் பற்றி இனி நீங்கள் எழுதுவதும் கோப்புக்குத்தான் போகும். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. ஆனால் செய்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன்.

உங்கள்
அபி


சிகாமட்,
8 டிசம்பர் 2025

அபிகெயில்,

அப்பா மகளுக்கு எழுதியதைக் கொண்டுபோய் கோர்ட்டில் கொடுத்திருக்கிறாய். அழைப்பாணை வந்துவிட்டது. இந்த ஸ்டானிஸ்லாஸ் சாட்சி சொல்ல வேண்டுமாம், தான் வளர்த்த பிள்ளைக்கு எதிராக. மிக நன்று.

எல்வினின் மனைவி எவ்லினுக்கு ஏழு மாதம். போனில் பேச வராமல் அழுகிறாள். பதினெட்டு வருட சர்வீஸ், ஒரு கரும்புள்ளி கிடையாது. அந்தச் சமையல்காரன் என்ன, கடலில் கரைந்தா போய்விட்டான்? மூன்று வேளை சோறு போட்டு, ஃபேனுக்குக் கீழேதான் படுக்க வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஊரைக் காப்போம், நீங்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து மணி பார்ப்பீர்கள். என் காலத்திலும் இதே கதைதான்.

திங்கட்கிழமை வந்தவன் அந்த ஆளையும் ஏன் கூட்டி வரவில்லை என்று யோசித்தாயா? கூட்டி வந்திருந்தால் பொழுது முழுக்க கோர்ட்டில் போயிருக்கும். பூசை தவறியிருக்கும். உன் அம்மாவின் பூசைக்காகச் செய்தான். நீ வராத பூசைக்காக.

எனக்கு அறுபத்தொன்பது வயது. நாள் கிழமை குழம்புகிற வயது. நீதிபதிக்கும் வயதான அப்பா இருப்பார், புரிந்துகொள்வார்.

இதையும் கோப்பில் வை.

ஸ்டானிஸ்லாஸ்
ஓய்வுபெற்ற சார்ஜன்


மெர்சிங்,
11 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வைத்துவிட்டேன். இதன் நகலும் போகிறது. அதனால் யார் படித்தாலும் சரி என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

செல்லப்பனின் மனைவி பெயர் தனலெட்சுமி. மெர்சிங்கில் மீன் கெரோப்போக் பொரிக்கும் கடையில் வேலை. ஞாயிறு மதியத்திலிருந்து புருஷனின் போன் அடிக்கவில்லை. தீவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் படகுத்துறையிலேயே நின்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். "ஒண்ணும் வேணாம்மா, உயிரோட இருக்காரானு பார்க்கத்தான் வந்தேன்" என்றார். அப்படிக் கேட்ட பிறகும் நான் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை.

மூன்று வேளை சோறு போட்டார் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்ல எல்வின் அண்ணனையும் அவருடைய ஆட்களையும் தவிர யாரும் இல்லை. அதற்காகத்தான் அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்காமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிடிக்கிறவர் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. வைக்கச் சொல்கிற நான் பிடிக்க முடியாது. நான் தவறினால் திருத்த மேலே ஒருவர். அமைச்சரே போன் செய்தாலும் அந்த இருபத்து நான்கில் ஒரு மணி நேரம் கூடாது. படகு ஓடும் நேரத்தைச் சட்டம் விட்டுக் கொடுத்திருக்கிறது. பூசைக்கு விட்டுக் கொடுக்கவில்லை, அது என் அம்மாவின் பூசையாகவே இருந்தாலும்.

எல்வின் அண்ணன் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவ்வளவு நல்லவரே ஒரு மனிதரைப் பூட்டிவிட்டுப் போக முடிந்தது, கேட்க ஆள் இல்லாத இடத்தில். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை எனக்குக் காவல் விண்ணப்பங்களைக் கேட்கும் பணி. பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் வந்தபோது மாலை ஐந்தரை. அம்மாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் தனியாக ஜெபமாலை சொன்னேன்.

எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

அப்பா, உங்களுக்கு எந்தக் கிழமையும் குழம்பாது. குழம்பியது என்று நீங்கள் சொன்னால், அதே கூண்டில் உங்களுக்கு அடுத்து நான் ஏறி, என் அப்பா சொல்வது உண்மை இல்லை என்பேன். அழுதுகொண்டே சொல்வேன். ஆனால் சொல்வேன்.

உங்கள்
அபி


சிகாமட்,
18 டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு,

நேற்று ஜொகூர் பாருவுக்குப் போய் வந்தேன். விவரம் உனக்கு வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் கேள்.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிட்டேன். வயதாகிவிட்டது, சனிக்கிழமையா திங்கட்கிழமையா நினைவில்லை, கடிதத்தில் தவறாக எழுதியிருப்பேன். அவ்வளவுதான். கூண்டில் ஏறி பைபிளைத் தொட்ட பிறகும் அதைச் சொல்லத்தான் இருந்தேன். உன் மிரட்டலுக்கு நான் பயப்படவில்லை, அதைத் தெரிந்துகொள்.

நீதிபதி கிழமையைக் கேட்கவில்லை. "உங்கள் மனைவி இறந்த தேதி என்ன?" என்று கேட்டார்.

"டிசம்பர் ஒண்ணு, யாங் ஆரிஃப்."

"திருப்பலி அந்தத் தேதியிலேயே நடந்ததா?"

கிழமையை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தேதியை நகர்த்த வேண்டும். எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லத் தயாராகப் போனவன் நான். ஐலீன் போன நாளை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அன்றுதான் நடந்தது என்றேன். எல்வின் பக்கத்தில் இருந்தானா என்றார். இருந்தான் என்றேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. முடிவு வரும்வரை எல்வின் சீருடை போடக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே எல்வினின் கார் வந்து நின்றது. "ஏறுங்கப்பா, மழை வருது" என்றான். கூலாய் தாண்டி, யொங் பெங் தாண்டி, வீடு வரை கொண்டுவந்து விட்டான். கேட்டைத் திறந்துவிட்டு, "பிரஷர் மாத்திரை சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். அப்போதுதான் அழுதேன். உன் அம்மா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அபி, நீ செய்தது சரி. ஐம்பத்து மூன்று மணி நேரம் என் பிள்ளை எங்கே என்று தெரியாமல் நான் நின்றிருந்தால், உன்னைப் போல ஒருத்தி அங்கே இருக்க வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பேன். அந்தத் தனலெட்சுமி அம்மாவைப் பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். எல்வினையும் எவ்லினையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பார்த்தால் அவன் எழுந்து போய்விடுவான், அவனுக்குப் போக வேறு வீடு கிடையாது. உனக்குத் துணையாக ஒரு நாட்டின் சட்டமே இருக்கிறது, மகளே. அவனுக்கு நான்தான் இருக்கிறேன்.

என்றும் உன்
அப்பா