கைதட்டலைக் குறிக்க மறந்தேன்

என் வாலுப் பெண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது. நல்ல சேதியை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். புதிய அரசியலமைப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்ற பிரிவு நேற்று நிறைவேறிவிட்டது, தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்பதோடு சேர்த்தே.

அப்பாடா! போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பதுதானே என் பிழைப்பு, யார் என்ன உளறினாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஒரு வக்கீல் உறுப்பினர் எழுந்து, சமம் சரிதான், கூடவே வழக்கத்துக்கு உட்பட்டு என்று இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமே என்றார். தேன் தடவின பேச்சு. வழக்கம் என்றால் பிள்ளை அப்பன் நாட்டுக்குத்தானே, அது நுழைந்திருந்தால் குட்டி பழையபடி மாப்பிள்ளை நாட்டுக்காரிதான், நமக்கு அந்நியம். அந்தப் பாழாய்ப்போன வார்த்தைகளையும் என் கையாலேயே எழுதினேன். இன்னொருவர், இதெல்லாம் சாதாரணச் சட்டத்தில் இருந்தால் போதாதா என்றார். மருத்துவச்சியாக இருந்து உறுப்பினரான ஓர் அம்மா எழுந்து, "சட்டத்துல ஒருதடவ குடுத்தீங்க, அடுத்து வந்தவங்க எடுத்துட்டாங்க. நெனச்சப்ப எடுக்க முடியாத எடத்துல எழுதுங்கய்யா" என்று ஒரே போடாகப் போட்டார்.

வாக்கெடுப்பில் வக்கீலின் திருத்தம் தோற்றது, பிரிவு அப்படியே நிறைவேறியது, சபையே கைதட்டியது. நானும்தான்! பேனாவைப் போட்டுவிட்டுத் தட்டியிருக்கிறேன். கைதட்டல் என்று அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டியவளே தட்டிக்கொண்டிருந்தால் யார் குறிப்பது? பதிவில் மயான அமைதி. எங்கள் தலைமைச் சுருக்கெழுத்தர் கூப்பிட்டு, "ஏம்மா, ஒருத்தருக்குமா சந்தோஷம் இல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நின்றேன், அவரே பேனாவை எடுத்து, நீண்ட கைதட்டல் என்று எழுதிச் சேர்த்தார். போன முறை நீங்கள் வந்தபோது குட்டிக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தும், விசா முடிந்தது என்று விமானம் ஏற்றினோமே, அது என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன், காலையில் அப்பா உலுக்கி எழுப்பிக் காபி கொடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை அதட்டாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த மாதம் இது அமலுக்கு வருகிறது, அவளுக்கு விசா கேட்டு எங்கும் போய் நிற்காதே. இனி அவள் இங்கே வர யாரையும் கேட்க வேண்டாம், திரும்பிப் போகத்தான் என்னைக் கேட்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா