கதவு திறக்கும் வரை

உங்களுக்கு,

நேற்று நீங்கள் சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். பெற்றோரில் ஒருவர் நாளை வகுப்புக்கு வந்து தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று மகள் சொன்னதும், "உங்கம்மாவா? சும்மா போன்ல பேசுறா, அதைப் போய் என்னன்னு சொல்லுவா?" என்றீர்கள். "சும்மா"வா, "வெட்டியா"வா? எதுவானாலும் உங்கள் திருவாய்தான்.

"நீங்க என்னப்பா பண்றீங்க?"

"கோஆர்டினேட் பண்றேன்."

"எதை?"

"மத்தவங்க செய்யற வேலையை."

பாவம், கொட்டாவி விட்டாள்.

இன்று காலை தலை வாரும்போது என்னிடம் கேட்டாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் என்னிடம்தான் பேசுவார்கள். கதவு திறக்கும் வரை நான் போனை வைக்கக்கூடாது என்றேன்.

"அவங்க பேசலன்னா?"

"நானும் பேசாம கூடவே இருப்பேன்."

"அதான் வீட்லயும் பேசாம இருக்கியாம்மா?"

பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டேன்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடுபண்ணுவதையாவது நீங்களே செய்யுங்கள். கோஆர்டினேட் பண்ண வீட்டில் ஆளில்லை. சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு.: மகள் என்னைத்தான் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். நீங்கள் தூங்குகிறீர்கள். இன்று வகுப்பில் பேசவென்று நீங்கள் தேய்த்து வைத்த சட்டை கதவில் தொங்குகிறது.