லோயிஸின் கொக்கி

சில்லர்டால்,
9 ஜனவரி

அன்புள்ள ஹெடி,

முழங்கால் எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய பழரொட்டி வந்து சேர்ந்தது. ஹெர்மான் பாதியை ஒரே மாலையில் தின்று தீர்த்துவிட்டு, "இந்த வருஷம் ஹெடி சின்னதா சுட்டிருக்காளே" என்கிறார்.

இங்கே நல்ல பனி. பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு வழக்கம்போல வ்ரோனியின் மலைக்குடிலில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். நாங்கள் இருவர், மகள் காத்தி, நம் பழைய தோழன் பெப்பி. ஜன்னலோரக் கட்டில் உனக்கு.

போன வருஷம் இரண்டாம் நாளே பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டாய். தலைவலி என்று வ்ரோனியிடம் சொன்னாயாம். நாங்கள் பனிச்சறுக்கு முடித்துத் திரும்பியபோது உன் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. அழுத பிள்ளைகளையெல்லாம் "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டே காலம் தள்ளிய வாத்தியாரம்மாவுக்குத் தன் தோழியிடம் கேட்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, பார். இப்போது கேட்கிறேன். உன் வீட்டுக்காரர் லோயிஸ் காலமான பிறகு நீ வந்த முதல் குளிர்காலம் அது. அவர் நினைவுதானா? இல்லை, நாங்கள் ஏதும் செய்துவிட்டோமா?

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ரெசி


லின்ஸ்,
17 ஜனவரி

அன்பு ரெசி,

முழங்கால் நான் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் வரவில்லை. கட்டிலைக் காத்திக்குக் கொடு.

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் வேகம், நான் மெதுவாக வருகிறவள். சரிவின் ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நிற்பீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் வந்து நின்றதும் பெப்பி, "வந்துட்டியா ஹெடி? அப்ப போலாமா!" என்பான். கிளம்பிவிடுவீர்கள். நின்றவர்களெல்லாம் இளைப்பாறி முடித்திருப்பீர்கள். கடைசியாக வந்தவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அடுத்த வளைவிலும் அதே கதை. அன்று ஒரு வளைவில் உங்கள் முதுகுகளைப் பார்த்தபடி நின்றேன். இனி இவர்களிடம் எனக்கு மிச்சம் இந்த முதுகுகள்தான் என்று பட்டது. சறுக்குப் பலகைகளைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு நடந்தே இறங்கினேன்.

யார் மேலும் கோபமில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இது போதும் என்று தோன்றுகிறது.

ஹெடி


சில்லர்டால்,
25 ஜனவரி

என் ஹெடி,

உன் கடிதத்தை ஹெர்மானுக்குப் படித்துக் காட்டினேன். "முப்பது வருஷமா இப்படித்தானே போறோம்? அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டே வருவாளே" என்றார். எனக்கும் முதலில் அதே கேள்விதான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், மெதுவாகப் படிப்பான். மற்றவர்கள் பக்கத்தை முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் தலை நிமிர்ந்ததும் பக்கம் திருப்பச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஜன்னலைப் பார்க்கட்டும் என்று கரும்பலகையைத் துடைப்பேன், துடைத்ததையே துடைப்பேன். அதை நினைத்தபோதுதான் லோயிஸ் நினைவு வந்தது.

எப்போதும் உனக்குப் பின்னால் கடைசியாக வருவார். வந்ததும் அவர் பூட்ஸ் கொக்கி கழன்றிருக்கும். ஒரு வளைவு தவறாது. "டேய் லோயிஸ், அந்தப் பூட்ஸ மியூசியத்துக்குக் குடுத்துடுடா!" என்று பெப்பி கத்துவான். "இருங்கப்பா, கெழட்டுக் கொக்கி, அவசரப்பட்டா உடைஞ்சிடும்" என்று குனிந்தவர் நிமிர மாட்டார். நாங்கள் கேலி செய்துகொண்டு நிற்போம். நீ மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஹெடி, அந்தக் கொக்கி உண்மையிலேயே பழுதா?

ரெசி


லின்ஸ்,
3 பிப்ரவரி

ரெசி,

பழுது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதிதாக வாங்கச் சொல்லி அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கீழறைக்குப் போனேன். அந்தப் பூட்ஸை மாதா கோவில் சந்தைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கழலவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம்கூடச் சொல்லவில்லை, பார் இந்த மனுஷர்.

வருவேனா என்று தெரியவில்லை. கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஹெடி


லின்ஸ்,
24 பிப்ரவரி

என் ரெசிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வ்ரோனி கட்டிக்கொடுத்த பாலாடைக்கட்டியின் வாசனையால் ரயிலில் எனக்குத் தனி இருக்கை கிடைத்தது.

நேரில் சொல்லாததை எழுதுகிறேன். முதல் வளைவில் நான் வந்து நின்றதும் பெப்பி "போலாமா" என்று வாயெடுத்தான். "அய்யோ, இருங்க! என் கொக்கி கழண்டுடுச்சு!" என்றாய்.

"போன மாசம் வாங்கின பூட்ஸுல கொக்கி கழலுதா? கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்" என்றான் பெப்பி.

"புதுசுன்னா அப்படித்தான்டா, பழகணும். வாய மூடிக்கிட்டு நில்லு."

உனக்குப் பொய் சொல்ல வரவே வராது, ரெசி. கொக்கியைத் தொடக்கூட இல்லை. கையுறையால் பனியைத் தட்டிக்கொண்டிருந்தாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, எதிர்ச்சரிவில் வெயில் இறங்குவதைப் பார்த்தேன். அடுத்த வளைவில் காத்தியின் கொக்கி கழன்றது. பிறகு ஹெர்மானுடையது. கடைசி நாள் பெப்பியே யாரும் சொல்லாமல் குனிந்தான், நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். அன்று அவனுக்காக நாம் எல்லாரும் நின்றோம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

லோயிஸின் பூட்ஸைச் சந்தைக்குக் கொடுக்கவில்லை. ஹெர்மானுக்கும் அதே கால் அளவுதானே? அடுத்த குளிர்காலம் வரும்போது கொண்டு வருகிறேன். கொக்கிகள் கொஞ்சம் மோசம் என்று மட்டும் அவரிடம் சொல்லி வை.

உன்
ஹெடி